கீழ் வீட்டுப் பெண்ணுக்குப் பிரசவம் நெருங்குகிறது, துணைக்கு ஆளில்லை. அக்கம்பக்கத்தில் இருக்கும் நாங்கள் என்ன செய்யலாம்?

கேள்வி: மாடிவீட்டுக்காரி

எல்லோருக்கும் வணக்கம். எங்கள் கட்டடத்தில் கீழ் வீட்டில் இருக்கும் பெண்ணுக்கு இது எட்டாம் மாதம். தலைப்பிரசவம். அவளுக்கு அம்மா இல்லை. மாமியாரால் படுத்த படுக்கையாகக் கிடக்கும் மாமனாரை விட்டு நகர முடியாது. கணவர் நல்ல பிள்ளை, ஆனால் இரவுப் பணி. பிரசவத்துக்கு இரண்டு வாரத்துக்கு மேல் லீவு கிடைக்காது என்று சொல்லிவிட்டார்களாம்.

போன வாரம் படிக்கட்டில் மூச்சு வாங்க உட்கார்ந்திருந்தவள், என்னைப் பார்த்ததும் கேட்டாள்: "அக்கா, வலி வரும்போது அவர் வேலையில் இருந்தால் உங்களைக் கூப்பிடலாமா?" தாராளமாகக் கூப்பிடு என்று சொல்லிவிட்டேன். சொன்னதிலிருந்து அதே யோசனைதான். எனக்குப் பிள்ளை இல்லை. பிரசவ அறையில் என்ன நடக்கும் என்று காதால் கேட்டதோடு சரி. நர்ஸ், டாக்டர் எல்லாம் இருக்கும் இடத்தில் நான் போய் நின்று என்ன ஆகப்போகிறது? வீட்டுக்கு வந்த பிறகு எந்த உதவி உண்மையிலேயே உதவி, எது தொந்தரவு? கட்டடத்தில் இன்னும் நாலைந்து பேர் கைகொடுக்கத் தயாராக இருக்கிறார்கள். ஆனால் எல்லோரும் ஒரே நாளில் போய் நின்று அந்தப் பெண்ணைத் திணறடித்துவிடுவோமோ என்றும் இருக்கிறது. அனுபவப்பட்டவர்கள் சொல்லுங்கள்.

பதில்: வார்டு அக்கா

அம்மா, பிரசவ வார்டில் நர்ஸாக இருந்து ஓய்வு பெற்றவள் நான். "நான் போய் நின்று என்ன ஆகப்போகிறது" என்ற கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் அதை நினைத்துத்தான் பலர் வாசலோடு நின்றுவிடுகிறார்கள்.

நிறைய ஆகும். 1980இல் குவாத்தமாலாவில் ஒரு ஆய்வு நடந்தது. வலியோடு வந்த பெண்களில் ஒரு பகுதியினருக்குப் பக்கத்திலேயே இருக்க ஒரு பெண்ணை அனுப்பினார்கள். அவர் சொந்தக்காரர் அல்ல, மருத்துவம் படித்தவரும் அல்ல, முன்பின் தெரியாதவர். கையைப் பிடித்துக்கொண்டு, முதுகைத் தேய்த்துவிட்டு, பேசிக்கொண்டு இருந்தார், அவ்வளவுதான். அப்படித் துணை இருந்த பெண்களுக்குப் பிரசவம் ஆக எடுத்த நேரம் நன்றாகக் குறைந்தது. குழந்தை பிறந்த பிறகு அவர்கள் கூடுதல் நேரம் விழித்திருந்து குழந்தையைத் தடவினார்கள், சிரித்தார்கள், பேசினார்கள். அதன் பிறகு இதே விஷயத்தைப் பல நாடுகளில் பார்த்துவிட்டார்கள். மருத்துவ ஆய்வுகளைத் திரட்டி அலசும் காக்ரேன் அமைப்பின் தொகுப்பு 2017இல் வந்தபோது 17 நாடுகள், 15,000க்கும் மேற்பட்ட பெண்கள் அதில் இருந்தார்கள். விடாமல் துணை இருந்தால் இயல்பாகப் பிரசவம் ஆவது கூடுகிறது, சிசேரியன் குறைகிறது, வலி மருந்தின் தேவை குறைகிறது, "என் பிரசவம் கொடுமையாக இருந்தது" என்று பின்னால் சொல்கிறவர்களும் குறைகிறார்கள். உங்களுக்காகச் சொல்ல வேண்டியது ஒன்று உண்டு: சிசேரியனைக் குறைப்பதில் அதிகப் பலன் தெரிந்தது, துணையாக இருந்தவர் மருத்துவமனை ஊழியராகவும் இல்லாமல் உறவாகவும் இல்லாமல் இருந்தபோதுதான். உறவு இல்லையே என்ற தயக்கம் உங்களுக்கு வேண்டாம். உலகச் சுகாதார நிறுவனம் 2018இல் வெளியிட்ட வழிகாட்டலிலும், பெண் தானே தேர்ந்தெடுத்த ஒருவர் வலி நேரம் முழுக்கக் கூட இருக்க வேண்டும் என்று இருக்கிறது. அவள் உங்களைத் தேர்ந்தெடுத்திருக்கிறாள்.

காரணமும் புரியாத விஷயம் இல்லை. பயந்துபோன உடம்பில் அட்ரினலின் கூடும். அது கூடினால் கர்ப்பப்பை சுருங்கி விரிவது தடுமாறும், வலியும் அதிகமாகத் தெரியும். ஒரு நர்ஸ் ஒரே நேரத்தில் நாலு பேரைப் பார்க்கிறாள். இதயத் துடிப்பைப் பார்ப்பாள், எழுதுவாள், அடுத்த கட்டிலுக்கு ஓடுவாள். அந்தப் பெண்ணின் முகத்தை மட்டுமே பார்த்துக்கொண்டிருக்கும் வேலை யாருக்கும் கிடையாது. அந்த வேலைதான் உங்களுக்கு.

அங்கே நீங்கள் செய்ய வேண்டியது: வலி வரும்போது பேச்சை நிறுத்திவிடுங்கள். "மூச்சை மெதுவாக விடு" என்று மட்டும், நீங்களும் சேர்ந்து மூச்சு விட்டபடி சொல்லுங்கள். இடுப்பு வலிக்கிறது என்பாள். உள்ளங்கையின் அடிப்பகுதியை இடுப்பெலும்புக்கு நடுவே வைத்து, வலி இருக்கும் வரைக்கும் அழுத்திப் பிடியுங்கள். மேலோட்டமாகத் தடவினால் சிலருக்கு எரிச்சல்தான் வரும், அழுத்தம்தான் இதம். எங்கே, எவ்வளவு என்று அவளே சொல்வாள். டாக்டர் தடை சொல்லாதவரை நடக்க வையுங்கள், நிற்க வையுங்கள், உங்கள் தோளைப் பிடித்துக்கொண்டு சாயட்டும். மல்லாந்தே படுத்துக் கிடக்க வேண்டியதில்லை. அனுமதி இருந்தால் அவ்வப்போது ஒரு வாய் தண்ணீர் கொடுங்கள். இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை சிறுநீர் கழிக்க நினைவுபடுத்துங்கள், வலியில் அவளுக்கே தெரியாது. டாக்டர் ஏதாவது சொல்லிவிட்டுப் போனால், வலி அடங்கிய இடைவெளியில் அதை எளிமையாகத் திருப்பிச் சொல்லுங்கள். சந்தேகம் இருந்தால் அவள் சார்பில் நீங்கள் கேளுங்கள். "சும்மா கத்தாதே" என்று யாராவது அதட்டினால் அவள் கையை விடாமல் பிடித்துக்கொள்ளுங்கள். வலியில் சத்தம் போடுவதில் தப்பே இல்லை.

தலைப்பிரசவம் என்பதால் நேரம் பிடிக்கும். லேசான வலி விட்டு விட்டு வரும் முதல் கட்டத்துக்குக் கணக்கே கிடையாது, ஒரு நாள்கூட இழுக்கும். கர்ப்பப்பை வாய் 5 செ.மீ. திறந்த பிறகு பொதுவாக 12 மணி நேரத்துக்கு மேல் போகாது. ஆகவே நீங்களும் சாப்பிட்டு, கழிப்பறைக்குப் போய்வந்து, முடிந்தால் மாற்று ஆளோடு போங்கள். எத்தனை பேரை உள்ளே விடுவார்கள், கணவர் பாதியில் வந்தால் ஆள் மாற்றலாமா, சிசேரியன் ஆனால் கூட இருக்கலாமா என்பதையெல்லாம் இப்போதே மருத்துவமனையில் கேட்டு வைத்துவிடுங்கள். நடுராத்திரியில் வாசலில் நின்று வாதாடுவது யாருக்கும் நல்லதில்லை.

பதில்: இரண்டு பிள்ளைகளின் அப்பா

கணவர் பக்கத்திலிருந்து கொஞ்சம் சொல்கிறேன். எங்கள் முதல் குழந்தை பிறந்தபோது வந்தவர்கள் எல்லோரும் குழந்தையைத் தூக்கினார்கள், கொஞ்சினார்கள், போனார்கள். என் மனைவி அவர்களுக்குத் தேநீர் போட எழுந்தாள். தையல் போட்ட வயிற்றோடு. அதை இன்று நினைத்தாலும் எனக்கு மனசு கேட்பதில்லை.

ஒரே ஒரு அம்மா மட்டும், எங்களுக்குப் பெரிய பழக்கம்கூட இல்லாதவர், வந்ததும் நேராக அடுப்படிக்குப் போனார். கழுவாமல் கிடந்த பாத்திரங்களைக் கழுவினார், ஊறவைத்த துணியை அலசிக் காயப்போட்டார், "நாளைக்குக் காலையில் வருகிறேன், மூத்தவர்கள் யாருக்காவது போன் போட வேண்டுமா?" என்று கேட்டுவிட்டுப் போய்விட்டார். குழந்தையைத் தூக்கவே இல்லை. அவர் போன பிறகு என் மனைவி நன்றாகத் தூங்கினாள்.

இன்னொன்று. அந்தக் கணவரையும் யாராவது ஒருவர் "நீ சாப்பிட்டாயா, தூங்கினாயா" என்று கேளுங்கள். பிள்ளை பிறந்த வீட்டில் ஆண்களுக்கும் மனச்சோர்வு வரும். 2010இல் வந்த ஒரு ஆய்வுத் தொகுப்பில் ஏறக்குறைய 10 சதவீத அப்பாக்களுக்கு அது இருந்ததாகப் படித்தேன். அவர் இரவுப் பணிக்குத் திரும்பும் நாள் இருக்கிறதே, அந்த வாரம்தான் உங்கள் கட்டடத்துக்காரர்கள் அதிகம் தேவைப்படுவார்கள். முதல் வாரத்தில் எல்லோரும் இருப்பார்கள். மூன்றாம் வாரத்துக்கு இப்போதே ஆள் சொல்லி வையுங்கள்.

பதில்: பால்கனிச் செடி

நான் சொல்லப்போவது கொஞ்சம் கனமான விஷயம். ஆனால் உங்களைப் போல அக்கம்பக்கத்தில் இருப்பவர்கள்தான் தெரிந்து வைத்திருக்க வேண்டும்.

பிரசவமான மூன்றாம் நாள், நாலாம் நாள் வாக்கில் பெரும்பாலான பெண்களுக்குக் காரணமில்லாமல் அழுகை வரும். ஹார்மோன் சட்டென்று இறங்குகிறது, தூக்கம் இல்லை, பால் கட்டி மார்பு வலிக்கிறது. இது தானாகவே இரண்டு வாரத்துக்குள் அடங்கிவிடும். பக்கத்தில் உட்கார்ந்து அழவிட்டால் போதும். எனக்கு அது அடங்கவில்லை. மாதம் ஒன்று ஆன பிறகும் காலையில் கண் விழித்தால் நெஞ்சில் கல் வைத்த மாதிரி இருக்கும். குழந்தை தூங்கும், எனக்குத் தூக்கம் வராது. பசிக்காது. "இந்தக் குழந்தைக்கு வேறு அம்மா கிடைத்திருக்கலாம்" என்று தோன்றிக்கொண்டே இருக்கும். வீட்டில் எல்லோரும் "முதல் பிள்ளை, அப்படித்தான் இருக்கும், போகப் போகச் சரியாகிவிடும்" என்றார்கள். அன்பாகத்தான் சொன்னார்கள். நானும் சிரித்துக்கொண்டே தலையாட்டினேன்.

கண்டுபிடித்தது எதிர் வீட்டு அண்ணி. தினமும் பகலில் ஒருமுறை வந்து போவார். ஒருநாள் குழந்தையைப் பற்றி எதுவும் கேட்காமல், "நீ நேற்றுக் கட்டியிருந்த அதே உடுப்பு, அதற்கு முந்தின நாளும் அதே. தலை வாரவில்லை. உனக்கு என்ன செய்கிறது, சொல்லு" என்று என் எதிரே தரையில் உட்கார்ந்துவிட்டார். நான் சொல்லி முடிக்கும் வரைக்கும் குறுக்கே ஒரு வார்த்தை பேசவில்லை. மறுநாளே டாக்டரிடம் கூட்டிப்போனார், வெளியே என் குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு காத்திருந்தார். அங்கே ஒரு தாள் கொடுத்தார்கள், பத்துக் கேள்விகள். எடின்பரோ அளவுகோல் என்று பெயர், 1987இல் உருவாக்கியது, இன்றும் உலகம் முழுக்கப் பயன்படுகிறது. கடைசிக் கேள்வி, உன்னை நீயே காயப்படுத்திக்கொள்ளும் எண்ணம் வந்ததா என்பது. அதற்கு உண்மையான பதிலை எழுதியபோது கை நடுங்கியது. சிகிச்சை எடுத்தேன், பால் கொடுத்துக்கொண்டே எடுக்கக்கூடிய மருந்தும் இருந்தது. மீண்டுவிட்டேன்.

உலகச் சுகாதார நிறுவனத்தின் கணக்கில், பிரசவமான பெண்களில் சுமார் 13 சதவீதத்தினருக்கு மனநலப் பிரச்சினை வருகிறது, பெரும்பாலும் மனச்சோர்வு. பக்கத்தில் ஆதரவு இல்லாமல் இருப்பது அதற்கு முக்கியக் காரணங்களில் ஒன்று. உங்கள் கீழ் வீட்டுப் பெண்ணுக்கு அம்மாவும் இல்லை என்கிறீர்கள். பிள்ளை பிறந்த நேரத்தில் அந்த இழப்பு புதிதாக வலிக்கும். அவள் அம்மாவைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் பேச்சை மாற்றிவிடாதீர்கள்.

அரிதாக, ஆயிரத்தில் ஒருவர் இருவருக்கு, முதல் இரண்டு வாரத்துக்குள் வேறு மாதிரி ஆகும்: தூங்கவே மாட்டார்கள், ஆனால் களைப்பும் தெரியாது, தொடர்பில்லாமல் பேசுவார்கள், இல்லாத குரல் கேட்பதாகச் சொல்வார்கள். அப்படி இருந்தால் நாளைக்குப் பார்க்கலாம் என்று விடாமல் அந்த நிமிடமே மருத்துவமனைக்குக் கூட்டிப்போக வேண்டும். குழந்தையோடு தனியாக விடக்கூடாது.

மாடிவீட்டுக்காரி (கேட்டவர்)

படித்துவிட்டுக் கொஞ்ச நேரம் எதுவும் எழுதத் தோன்றவில்லை. பால்கனிச் செடி, இவ்வளவையும் எங்களுக்காகத் திறந்து சொன்னதற்கு நன்றி. உங்கள் அண்ணிக்கும்.

இரண்டு சந்தேகம். ஒன்று, என்ன ஒத்தாசை வேண்டும் என்று அவளிடம் கேட்டால் "ஒன்றும் வேண்டாம் அக்கா" என்பாள், அவள் சுபாவம் அப்படி. கேட்காமல் செய்தால் அத்துமீறல் ஆகிவிடாதா? இரண்டாவது, எந்த அறிகுறி வந்தால் பயப்பட வேண்டும்? பச்சை உடம்பு, ரத்தப்போக்கு எல்லாம் சகஜம் என்கிறார்கள். எது சகஜம், எது இல்லை என்று எனக்குத் தெரியாது.

பதில்: வார்டு அக்கா

"ஏதாவது வேண்டுமென்றால் சொல்லு" என்பது கேட்கிறவருக்குச் சுலபம், பதில் சொல்கிறவளுக்குச் சுமை. யோசித்து, வெட்கத்தை விட்டு, ஒரு வேலையை எடுத்து உங்கள் கையில் தர வேண்டியது அவள் பொறுப்பாகிவிடுகிறது. அதனால் குறிப்பாகக் கேளுங்கள்: "நாளைக்குப் பதினொரு மணிக்கு வந்து துணி துவைத்துவிட்டு, நீ குளிக்கும்வரை குழந்தையைப் பார்த்துக்கொள்கிறேன், சரியா?" இதற்குச் சரி, வேண்டாம் என்று ஒரே வார்த்தையில் பதில் சொல்லலாம். வேண்டாம் என்றால் முகம் சுளிக்காமல் விட்டுவிடுங்கள். இரண்டு நாள் கழித்துத் திரும்பக் கேளுங்கள். இதில் அத்துமீறல் எதுவும் இல்லை.

அத்துமீறல் எது என்றால், பால் போதவில்லை போலிருக்கிறதே என்று வாசலில் நின்று சொல்வது. குழந்தை அழும்போதெல்லாம் அதைச் சொன்னால், நன்றாகப் பால் ஊறும் தாய்க்கும் நம்பிக்கை போய்விடும். பிறந்த குழந்தை ஒரு நாளைக்கு 8 முதல் 12 முறை பால் குடிக்கும், ராத்திரியும் சேர்த்து. இரண்டாம் நாளிலிருந்து நாலாம் நாளுக்குள் பால் நன்றாக இறங்கும், அதுவரை வரும் சீம்பால் கொஞ்சம்தான் இருக்கும், அதுவே போதும். அஞ்சாம் நாளுக்கு மேல் குழந்தை தினம் ஆறு தடவைக்குக் குறையாமல் சிறுநீர் போய், எடையும் கூடினால் பால் போதுகிறது என்று அர்த்தம். வாய் சரியாக வைக்கவில்லை, காம்பு வெடித்துவிட்டது என்றால் அறிவுரை சொல்லாமல் பால் கொடுக்கப் பயிற்சி தரும் நர்ஸிடம் கூட்டிப்போங்கள். அவள் பால் கொடுக்க உட்காரும்போது கை எட்டும் தூரத்தில் ஒரு சொம்பு தண்ணீர், முதுகுக்கு ஒரு தலையணை. இது சின்ன விஷயமாகத் தெரியும். குழந்தை மார்பில் இருக்கும்போது எழுந்து தண்ணீர் எடுக்க முடியாமல் மணிக்கணக்கில் தாகத்தோடு உட்கார்ந்திருக்கும் தாய்மார்களை வார்டில் நிறையப் பார்த்திருக்கிறேன்.

சளி, காய்ச்சல் இருப்பவர்கள் வர வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். வருகிறவர்கள் சோப்புப் போட்டுக் கை கழுவிவிட்டுத்தான் குழந்தையைத் தொட வேண்டும். முகத்தில் முத்தம் வேண்டாம். இதை அவள் சொன்னால் பொல்லாப்பு, நீங்கள் சொன்னால் யாரும் தப்பாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள்.

இப்போது அறிகுறிகள். நஞ்சுக்கொடி பிரிந்த இடம் உள்ளே பெரிய புண் மாதிரி. அது ஆறும்வரை ரத்தம் போகும், நாளாக ஆக நிறம் வெளுத்துக் குறையும். இது சகஜம். ஒரு மணி நேரத்துக்குள் ஒரு நாப்கின் முழுக்க நனைந்தால், பெரிய கட்டிகளாக வந்தால், குறைந்த ரத்தப்போக்கு திரும்பக் கூடினால் சகஜம் இல்லை. காய்ச்சல் 38 டிகிரி செல்சியஸ், நாற்றமடிக்கும் போக்கு, தையலில் சீழ் இவை தொற்று. கண் மங்கலோடு கடுமையான தலைவலி வந்தால் ரத்த அழுத்தம் பார்க்க வேண்டும். கர்ப்பத்தில் அழுத்தம் சரியாக இருந்தவர்களுக்கும் பிரசவத்துக்குப் பிறகு ஆறு வாரம் வரை ஏறலாம், வலிப்புகூட வரலாம். ஒரு கால் மட்டும் வீங்கி வலித்தால், மூச்சு வாங்கினால், நெஞ்சு வலித்தால் ரத்தக்கட்டியாக இருக்கலாம். இதில் எது வந்தாலும் வீட்டு வைத்தியம் வேண்டாம், வண்டியைக் கூப்பிடுங்கள். குழந்தை பால் குடிக்க மறுத்தால், எழுப்பினாலும் எழாமல் துவண்டு கிடந்தால், உடம்பு சுட்டாலோ சில்லிட்டாலோ, நிமிடத்துக்கு 60 தடவைக்கு மேல் மூச்சு வாங்கினால், முதல் நாளிலேயே மஞ்சள் தெரிந்தால், அல்லது உள்ளங்கை, உள்ளங்கால் வரை மஞ்சள் இறங்கினால் அப்போதும் அதேதான்.

டிஸ்சார்ஜ் ஆன பிறகு டாக்டரோ நர்ஸோ பார்க்க வேண்டிய நாள்கள் உண்டு: பிரசவத்திலிருந்து கணக்கிட்டு 48 முதல் 72 மணி நேரத்துக்குள் ஒருமுறை, 7 முதல் 14 நாளுக்குள் ஒருமுறை, ஆறாம் வாரம் ஒருமுறை. கைக்குழந்தையோடு தனியாகக் கிளம்ப முடியாமல்தான் பலர் இதை விட்டுவிடுகிறார்கள். கூடப் போக ஒரு ஆள் இருந்தால் போவாள்.

உங்கள் கட்டடத்துக்காரர்கள் எல்லோரும் சேர்ந்து ஒருமுறை உட்கார்ந்து பேசுங்கள் என்று சொல்வேன். நேபாளத்தில் மக்வான்பூர் என்ற மாவட்டத்தில் கிராமத்துப் பெண்களை மாதம் ஒருமுறை கூட்டி, பிரசவத்தில் என்ன ஆபத்து வருகிறது, நாமே என்ன செய்யலாம் என்று பேச வைத்தார்கள். கூட்டத்தை நடத்தியதும் உள்ளூர்ப் பெண்தான். அவர்களே அவசரத்துக்குப் பணம் சேர்த்தார்கள், வண்டிக்கு ஏற்பாடு செய்தார்கள். அங்கே பச்சிளம் குழந்தைகள் இறப்பது 30 சதவீதம் குறைந்தது என்று 2004இல் லான்செட் என்ற மருத்துவ இதழில் வந்தது. உங்களுக்குத் தேவை அவ்வளவு பெரிய ஏற்பாடு இல்லை. வண்டி யாருடையது, ராத்திரி போன் எடுக்கப்போவது யார், சமையல் எந்த நாள் யார், இது மட்டும் தெளிவாக இருந்தால் போதும்.

மாடிவீட்டுக்காரி (கேட்டவர்)

நேற்று அவளையும் கணவரையும் எங்கள் வீட்டுக்குக் கூப்பிட்டுப் பேசிவிட்டோம். முதலில் "ஒன்றும் வேண்டாம்" என்றுதான் ஆரம்பித்தாள். நான் "திங்கள், வியாழன் துணி எனக்கு" என்றதும் சிரித்துவிட்டு, "அப்போ ராத்திரி அவர் இல்லாத நாளில் யாராவது கூடப் படுத்துக்க முடியுமா?" என்று அவளே கேட்டாள். அதைத்தான் இத்தனை நாள் மனதில் வைத்திருந்தாள் போலிருக்கிறது. முதல் தளத்து அம்மாவும் நானும் மாறி மாறிப் படுத்துக்கொள்கிறோம். வண்டி இரண்டாம் தளத்துத் தம்பி. கணவர் வேலைக்குத் திரும்பிய பிறகு வரும் நாலு வாரத்துக்குத்தான் ஆள் அதிகம் போட்டிருக்கிறோம், 'இரண்டு பிள்ளைகளின் அப்பா' சொன்னபடி.

மருத்துவமனையில் ஒரே ஒருவரைத்தான் உள்ளே விடுவார்களாம், ஆனால் இடையில் ஆள் மாற்றிக்கொள்ளலாம், பெயரை முன்கூட்டியே எழுதித் தர வேண்டும் என்றார்கள். அவள் கணவர் பெயருக்குக் கீழே என் பெயரும் எழுதியாகிவிட்டது. வார்டு அக்கா, இடுப்பில் எங்கே அழுத்த வேண்டும் என்று அவளிடமே நேற்றுக் கேட்டுப் பழகிப் பார்த்தேன். இன்னும் கொஞ்சம் கீழே என்றாள்.

பதில்: வார்டு அக்கா

கீழேதான். மெல்ல ஆரம்பித்து, அவள் போதும் என்னும்வரை அழுத்தத்தைக் கூட்டுங்கள். கை ஓய்ந்தால் முஷ்டியை வைத்து அழுத்தலாம். நகத்தை வெட்டிக்கொள்ளுங்கள், மோதிரம் வளையல் வீட்டில் இருக்கட்டும். டிஸ்சார்ஜ் தாளை அன்றே போனில் படம் எடுத்து உங்களிடமும் ஒன்று வைத்துக்கொள்ளுங்கள்.